பீடித் தட்டும் உச்ச நீதிமன்றமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனால் உங்களில் பலருடைய அம்மாவைப் பற்றியது. அதனால் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சுந்தரபாண்டியபுரம் என்றதும் வெளியூர்க்காரர்கள் சூரியகாந்தித் தோட்டத்தையும் 'ரோஜா' படத்தையும் சொல்வார்கள். மதிய வேளையில் தெருவுக்குள் வந்து பார்த்தவர்களுக்குத்தான் மற்றது தெரியும். திண்ணையிலும் வாசற்படியிலும் மடியில் பீடித் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல், கடையநல்லூர் என்று எங்கே போனாலும் இதே காட்சிதான். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, மாலையில் பீடிக்கடையில் கொண்டு போய்க் கொடுப்பார்கள். நீங்கள் படித்த நோட்டும் பேனாவும் அந்தத் தட்டிலிருந்து வந்தவைதான்.

இந்த வேலை உடம்புக்கு என்ன செய்யும் என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புகையிலைத் தூளில் வேலை செய்பவர்களுக்கு வரும் தலைவலியையும் குமட்டலையும் அதில் குறித்து வைத்தார். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் 'உன் தொழில் என்ன?' என்றும் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர். புகையிலையில் உள்ள நிகோடின் புகைத்தால் மட்டும் உடம்பில் ஏறுவதில்லை. தூளைத் தொடும் தோல் வழியாகவும், மூச்சோடு போகும் தூசி வழியாகவும் ஏறும். பீடியை ஒருநாளும் வாயில் வைக்காத பெண்ணுக்கும் இருமலும் தலைச்சுற்றலும் வருவது இதனால்தான். நாள் முழுக்கக் குனிந்து உட்காருவதால் வரும் முதுகுவலியும் கழுத்துவலியும் தனி.

சரி, சட்டம் என்ன செய்தது? அங்கேதான் கதை இருக்கிறது.

முதலில் பீடி கூடங்களில்தான் அதிகம் சுற்றப்பட்டது. 1948-இல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. 1958-இல் சென்னை மாநிலம் பீடிக் கூடங்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. காற்றோட்டம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் கேள்விக்கு வந்தன. கூடம் இருந்தால்தானே சட்டம்? வேலையைப் பிரித்து வீட்டுக்கு அனுப்புவது முதலாளிகளுக்குச் சுலபமாயிற்று. அதே 1958-இல், மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், ஒப்பந்தக்காரர் மூலம் வெளியே பீடி சுற்றித் தருபவர்கள் தொழிற்சாலைச் சட்டப்படி தொழிலாளர் ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1966-ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது சொன்னது. ஆண்டு விடுப்பு உண்டு, பேறுகால உதவி உண்டு என்றது. கேரளத்தில் அதை அமல்படுத்தியபோது 1968-இல் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பக்கம் தன் வேலையை மூடிக்கொண்டது. சுமார் 12,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களுக்காக 1969-இல் உருவானதுதான் தினேஷ் பீடி கூட்டுறவு. இதற்கிடையில் சட்டமே செல்லாது என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

அடுத்த சண்டை வருங்கால வைப்பு நிதிக்கு. 1977-இல் மத்திய அரசு பீடித் தொழிலை அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. 'வீட்டில் உட்கார்ந்து, நினைத்த நேரத்தில் சுற்றுகிறவர் எப்படி எங்கள் தொழிலாளி ஆவார்?' என்று மறுபடியும் வழக்கு. 1985-இல் பி.எம். பட்டேல் அண்டு சன்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எதை ஆதாரமாக எடுத்தார்கள் தெரியுமா? கழிவை! கொண்டுபோகும் பீடியைப் பார்த்து, சரியில்லை என்று ஒதுக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கிறதே, அதுவே வேலை அவர் கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதற்குச் சாட்சி என்றார்கள். ஒதுக்கிய பீடிக்குக் கூலி கிடையாது. எத்தனை பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடையிலிருந்து திரும்பியதைப் பார்த்திருப்போம்! அந்தக் கழிவே அவர்களுக்கு பி.எஃப். வாங்கிக் கொடுத்தது. வரலாற்றில் இப்படியும் நடக்கும்.

1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் வந்தது. பீடி மேல் போட்ட சிறு வரியிலிருந்து மருத்துவமும், வீட்டுக்கு உதவியும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தன. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றவர்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தனி வரி எடுக்கப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் 13 சட்டங்களைச் சேர்த்து, தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கு ஒரே தொகுப்பாக நிறைவேற்றியது. 1966 சட்டமும் அந்தப் 13-இல் ஒன்று.

இவ்வளவு போராடியும் ஒன்று மட்டும் பாக்கி. சட்டம் பெண்ணைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. பணம் சார்ந்த உரிமைகள் வீடு தேடி வந்தன. ஆனால் காற்றோட்டம், தூசி, குழந்தைகள் காப்பகம் போன்றவை கூடத்துக்குத்தான் எழுதப்பட்டன. வீட்டில் ஜன்னல் அவள் பொறுப்பு, தூசியும் அவள் பொறுப்பு. தொட்டிலும் தூள் டப்பாவும் ஒரே அறையில். வீட்டுவேலைத் தொழிலாளருக்காக 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வீட்டில் வேலை செய்பவருக்கும் தொழில் பாதுகாப்பும் சுகாதாரமும் பொருந்த வேண்டும் என்கிறது அது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

அதுவரை நம்மால் முடிந்தது என்ன? அறைக்குள் சுற்றாமல் காற்று வரும் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். தூளை மூடி வையுங்கள். கை கழுவாமல் சாப்பிடவோ பிள்ளையைத் தூக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகளைத் தூள் பக்கமே விடாதீர்கள். டாக்டரிடம் போனால் அவர் கேட்காவிட்டாலும் 'நான் பீடி சுற்றுகிறேன்' என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவின் பி.எஃப். கணக்கைப் பாருங்கள். அதில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா, நாமினி பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் அது உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய பணம். ஓர் எழுத்துப் பிழையால் அது கிடைக்காமல் போகக் கூடாது.

செய்து முடித்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன்' போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்