எந்த அலகால் அளப்பது? குண்டனி நாடும் ஊரக அகலக்கற்றைத் திட்டங்களும்

ஊரக இணையத் திட்டங்கள் பற்றிய அரசு அறிக்கைகளில் இரண்டு எண்கள் தவறாமல் இடம்பெறும். ஒன்று ஒதுக்கப்பட்ட தொகை. மற்றொன்று இணைக்கப்பட்ட ஊராட்சிகளின் எண்ணிக்கை. தொகையைப் பற்றிச் சட்டமன்றத்திலும் தணிக்கையிலும் கேள்விகள் எழுகின்றன. ஊராட்சிகளின் எண்ணிக்கையோ கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிடுகிறது. இக்கட்டுரை அந்த இரண்டாம் எண்ணைப் பற்றியது. ஓர் ஊராட்சியின் அலுவலகத்தில் கண்ணாடி இழை வடம் வந்து முடிந்தால் அந்த ஊராட்சி முழுவதும் இணைக்கப்பட்டதாகக் கொள்ளும் கணக்கு, வீடுகள் நெருங்கி நிற்கும் சமவெளிக்கு ஓரளவு பொருந்தலாம். குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலைக்கு அது பொருந்தாது. அலகு தவறானால் பணி சரியாக நடந்தாலும் பயன் சேராது; பயன் சேராதது கணக்கிலும் தெரியாது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான குண்டனி நாட்டை முன்வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் சோளக்காட்டுச் சந்தைக்கும் செம்மேட்டு அலுவலகங்களுக்கும் போக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகளில் இன்று மிளகும் காப்பியும் வாழையும் அன்னாசியும் பரவியிருக்கின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என ஊராட்சிகள் யாவும் பழைய நாட்டுப் பிரிவுகளின் தொடர்ச்சி. ஒரு நாட்டுக்குள் பல ஊர்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே மேடு, பள்ளம், ஓடை, சோலை, படிக்கட்டு வயல் எல்லாம் குறுக்கிடும். மலையின் பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் எனக் கொண்டால் ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக 20 சதுர கிலோமீட்டர் வரும். சதுர கிலோமீட்டருக்கு 143 பேர். தமிழ்நாட்டின் மக்கள் அடர்த்தி அதே கணக்கெடுப்பில் 555. நான்கு மடங்கு அடர்த்தியான நிலத்துக்கு வகுத்த அலகை இங்கே அப்படியே ஏற்றிவைத்திருக்கிறோம்.

இந்த அலகு வந்த வழியைப் பார்க்க வேண்டும். தேசிய கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயில் இணைப்பது நோக்கம். முதல் கெடு 2013. கெடுக்கள் தள்ளிப்போயின, பெயர் பாரத்நெட் என மாறியது, முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் என்ற இலக்கு எட்டப்பட்டதாக 2017 இறுதியில் அறிவிப்பு வந்தது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடங்களில் ஏற்கெனவே பி.எஸ்.என்.எல். வடம் இருந்தது. அங்கிருந்து ஊராட்சி வரை உள்ள இடைவெளியை மட்டும் புதிய வடத்தால் நிரப்புவது என்பது திட்டத்தின் முதல் வடிவம். பெரும்பாலும் நேர்கோட்டு அமைப்பு: ஓரிடத்தில் வடம் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊராட்சிகளும் இருண்டுவிடும். பழைய வடத்தின் பழுது புதிய வடத்தின் பழுதாகவும் ஆனது.

தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டப் பணியை மாநில அரசின் தமிழ்நாடு ஃபைபர்நெட் கார்ப்பரேஷன் ஏற்றது. 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் என்பது இலக்கு. மதிப்பீடு ஏறத்தாழ 1,815 கோடி ரூபாய். 2019 டிசம்பரில் கோரிய ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்ற புகாரின் பேரில், 2020 ஜூனில் மத்திய அரசின் உத்தரவால் அது ரத்தானது. பெருந்தொற்றில் பள்ளிகள் பூட்டிக் கிடந்த அந்த ஆண்டில் மாநிலத்தின் ஊராட்சி வலையமைப்பு மறு ஒப்பந்தப்புள்ளிக்குக் காத்திருந்தது என்பதை வேதனையுடன் பதிவு செய்ய வேண்டும். கொல்லிமலை அடிவாரத்தை ஒட்டிய சிற்றூர்களில் மாணவர்கள் ஆலமரக் கிளைகளில் ஏறி உட்கார்ந்து வகுப்பு கேட்ட செய்தி 2021இல் வெளிவந்தது. பின்னர் பணி தொடங்கி, வடத்தின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே இழுக்கப்பட்டது. ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு ரேக், யுபிஎஸ், ரவுட்டர் வைக்கப்படும். இந்த ரேக்கில் விளக்கு எரிந்தால் ஊராட்சி இணைக்கப்பட்டது எனக் கணக்கு.

ஆனால் இணையம் தேவைப்படும் இடம் ரேக் இருக்கும் அந்த அறை அன்று. குடும்ப அட்டைக்கு அரிசி வாங்கக் கைரேகை வைக்க வேண்டிய இடம் ரேஷன் கடை. சிக்னல் எடுக்காதபோது விற்பனையாளர் கருவியை வாசலுக்குக் கொண்டுவந்து உயர்த்திப் பிடிப்பதும், வரிசை அப்படியே நிற்பதும் மலை ஊர்களுக்குப் புதிதல்ல. நூறு நாள் வேலைத்திட்டத்தில், தனிநபர் பணிகள் நீங்கலாக மற்றப் பணித்தளங்களில், நாளுக்கு இருமுறை புகைப்படத்துடன் செயலி வழியே வருகையைப் பதிவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. ஏரிக்கரையோ மலைச்சரிவோ, பணித்தளம் ஊராட்சி அலுவலகத்தில் இருப்பதில்லை. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம், வங்கி முகவரிடம் ஆதார் வழியே பணம் எடுப்பது எல்லாமே இணையத்தின் வாசல் வழியாகத்தான். இவற்றில் ஒன்றைக்கூட மக்கள் கேட்டு வாங்கவில்லை. அரசு தன் நிர்வாக வசதிக்காகத் தன் சேவைகளை இணையத்துக்கு மாற்றியது. மாற்றிய அரசுக்கு அந்தச் சேவை நடக்கும் இடம்வரை இணைப்பைக் கொண்டுசேர்க்கும் கடமை உண்டு. அது சலுகை ஆகாது. உரிமைப் பொருளைத் தருவதற்கு இணைப்பை நிபந்தனையாக்கிய பிறகு, இணைப்பு இல்லாததன் சுமையை மலைவாழ் குடும்பத்தின் தலையில் ஏற்றுவது அநீதி.

அலகை மாற்றுவது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு மின்மயமாக்கலின் வரலாறு விடை தரும். 1997 வரை ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தப் பயன்பாட்டுக்கேனும் மின்சாரம் எடுக்கப்பட்டால் அந்தக் கிராமம் மின்மயமானதாகக் கருதப்பட்டது. வயலில் ஒரு பம்புசெட் ஓடினால் போதும், ஊர் இருட்டில் கிடந்தாலும் கணக்கு நிறைவேறிவிடும். 1997இல் மின்சாரம் குடியிருப்புப் பகுதிக்குள் வந்திருக்க வேண்டும் என வரையறை திருத்தப்பட்டது. 2004இல் வந்த வரையறை இன்னும் ஆழமானது: குடியிருப்புப் பகுதியோடு தலித் குடியிருப்பு அல்லது சிற்றூர் இருந்தால் அங்கும் மின்கட்டமைப்பு இருக்க வேண்டும், பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார மையம் ஆகியவற்றில் மின்சாரம் வேண்டும், குறைந்தது 10 விழுக்காடு வீடுகளில் விளக்கு எரிய வேண்டும். அந்த 10 விழுக்காடும் போதவில்லை என்பதால்தான் வீட்டை அலகாகக் கொண்ட சௌபாக்யா திட்டம் 2017இல் வந்தது. வரையறை இறங்க இறங்கக் கம்பியும் இறங்கி வந்தது. அகலக்கற்றையிலோ வேகத்துக்கான வரையறையை மட்டும் உயர்த்தினோம். 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் என்றிருந்தது 2023இல் 2 மெகாபிட் ஆனது. அந்த வேகம் எந்த இடத்தில் கிடைக்க வேண்டும் என்ற கேள்வி ஊராட்சி அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டது.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1,39,579 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டம் நேர்கோட்டுக்குப் பதில் வளைய அமைப்பை ஏற்கிறது. பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் தருகிறது. ஊராட்சித் தலைமையிடம் அல்லாத 3.8 லட்சம் கிராமங்களுக்கும், கேட்டால் இணைப்பு உண்டு என்கிறது. இந்தக் ‘கேட்டால்’ என்ற நிபந்தனைதான் மலைக்கு இடறுகிறது. இணைப்பே இல்லாத சிற்றூர் எங்கே, யாரிடம், எந்த வழியாகக் கேட்கும்? ஊராட்சி அலுவலகத்துக்குத் தானாக வரும் வடம் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் ஏன் மனுப்போட்டு வர வேண்டும்? கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் இதற்கு மாறான வழியைக் காட்டியது. அதன் அலகுகள் 30,000 அரசு நிறுவனங்களும் 20 லட்சம் ஏழை வீடுகளும். முதற்கட்டமாகத் தொகுதிக்கு 100 வீடு வீதம் 14,000 வீடுகளையே அது எடுத்துக்கொண்டது. இலக்கில் இது மிகச் சிறிய பங்கு. ஆனால் அலகு வீடு என்பதால் எத்தனை வீடு பாக்கி என்று கேட்க முடிந்தது. சரியான அலகு குறையை ஒளிக்க இடம் தராது.

மறுப்புகளில் வலுவானது செல்பேசியை முன்னிறுத்துவது. கையில் கைபேசி இருக்கும்போது கண்ணாடி இழைக்கு ஏன் செலவு என்பார்கள். சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியதும் இந்த எண்ணத்தில்தான். அந்த முயற்சி தேவையானது. ஆனால் டவர் தன்னளவில் இணையத்தை உண்டாக்குவதில்லை. அதைப் பின்னாலிருந்து ஊட்டும் தடம் வேண்டும். அந்தத் தடம் நுண்ணலையாக இருந்தால் கொள்ளளவு குறையும், கண்ணாடி இழையாக இருந்தால் கூடும். மேலும் மலையில் சிக்னல் நேர்ப்பார்வையில் செல்லும். மேட்டில் நிற்பவருக்கு நான்கு கோடு, ஓடைக்குக் கீழே குடியிருப்பவருக்கு ஒன்றும் இல்லை. கிராமத்தை அலகாகக் கொண்டால் இங்கும் மேட்டுக்காரரின் சிக்னலே பள்ளத்துக்காரருக்கும் எழுதப்படும் அபாயம் உண்டு. ஆகவே டவரும் வடமும் போட்டியாளர்கள் அல்ல. வடம் அருகே வந்தால்தான் சிறு டவர்களும் பள்ளிக் கூரையிலிருந்து ஒளிபரப்பும் வைஃபையும் பள்ளத்தை எட்டும். செயற்கைக்கோள் பற்றியும் இதையே சொல்லலாம். 2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு உரிமம் கிடைத்தபின் மலைகளுக்கு அதுவே விடை என்ற பேச்சு கூடியிருக்கிறது. வடம் எட்டாத தனிக் குடியிருப்புக்கும் வடம் அறுந்த நாட்களுக்கும் அது நல்ல துணை. மிளகும் அன்னாசியும் விற்று வாழும் குடும்பம் மாதச் சந்தா கட்டி அதைத் தாங்கும் என எதிர்பார்ப்பது திட்டமிடல் ஆகாது.

இவ்வளவு சிறிய மக்கள்தொகைக்கு இத்தனை செலவு தகுமா என்பது அடுத்த மறுப்பு. சந்தை இதற்கு ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது: தகாது. சந்தை ‘தகாது’ என்று ஒதுக்கும் இடங்களுக்காகத்தான் 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்த மொத்த வருவாயில் 5 விழுக்காடு அனைவருக்கும் சேவைக் கடப்பாட்டு நிதிக்கெனப் பெறப்படுகிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயரிட்டுத் தொடர்கிறது. மலைவாசிகளுக்குச் செலவிடுவது வீண் என்பவர், அவர்கள் பெயரைச் சொல்லித் திரட்டிய நிதி வேறு எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். இணைப்பு வந்தாலும் பயன்படுத்த ஆளில்லை என்ற வாதமும் உண்டு. பாரத்நெட் இணைப்புகள் பலவற்றில் பயன்பாடு குறைவு என்பது உண்மை. வாரத்தில் சில நாள் மட்டும் வேலை செய்யும் இணைப்பை நம்பி எந்த ஆசிரியரும் பாடம் திட்டமிட மாட்டார், எந்த வீடும் பணம் கட்டாது. குறைந்த பயன்பாடு பெரும்பாலும் நம்பகமின்மையின் விளைவு. அதையே தேவையின்மைக்குச் சான்றாக்குவது காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவது.

காட்டு நிலம் தடை என்பது கடைசி மறுப்பு. சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, சாலை, குடிநீர் முதலிய 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம் என்கிறது. மின்கம்பியும் தொலைத்தொடர்புக் கம்பியும் அந்தப் பட்டியலில் உள்ளன. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். வழியும் இருக்கிறது. மழைக்காலத்தில் மண்சரிவுக்கு ஆளாகும் காரவள்ளிச் சாலையை மட்டும் நம்பாமல், முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஏறும் சாலை வழியே இரண்டாம் வடத்தைக் கொண்டுவந்தால், திருத்திய திட்டம் சொல்லும் வளையம் கொல்லிமலையில் கைகூடும். ஊர்களுக்கு மின்கம்பம் ஏற்கெனவே போயிருக்கிறது. அதே கம்பத்தில் கண்ணாடி இழையும் போகலாம்.

குண்டனி நாட்டுக்கு வேண்டியது இன்னொரு திட்டம் அன்று, திருத்திய கணக்கு. ஊராட்சிக்குள் உள்ள ஒவ்வொரு பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் ஆகியவற்றைத் தனித்தனிச் சேவைப் புள்ளியாகக் கொள்ள வேண்டும். அங்கே மாதத்தில் எத்தனை மணி நேரம் இணைப்பு உயிரோடு இருந்தது என்பதே அளவாக வேண்டும். ஒப்பந்ததாரரின் பராமரிப்புத் தொகை அந்த மணிக்கணக்கைப் பொறுத்தே விடுவிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால், அத்தகைய பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குப் பெசா சட்டம் தரும் தனி அதிகாரம் கொல்லிமலைக்குக் கிடையாது; மக்களுக்கு இருக்கும் மன்றம் சாதாரணக் கிராம சபைதான். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபையில் குடிநீர், சாலைக் கணக்கோடு இந்த இணைப்புக் கணக்கையும் ஊர்வாரியாக வைக்குமாறு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் உத்தரவிட வேண்டும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; ஓர் அரசாணை போதும்.