பழியிலிருந்து தோழமைக்கு: உளநோயுற்ற பிள்ளைகளின் பெற்றோர் சங்கங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது தமிழர் வழக்கில் நெடுங்காலமாக நிலவிவரும் பழமொழி. பிள்ளை சிறக்கும்போது இது தாய்க்குப் புகழாகிறது. பிள்ளை உளநோய்க்கு ஆளாகும்போது இதுவே அவள்மேல் சுமத்தப்படும் பழியாகிறது. உடல் நோயுற்ற பிள்ளையின் பெற்றோரிடம் ஊர் நலம் விசாரிக்கிறது. உளநோயுற்ற பிள்ளையின் பெற்றோரிடம் காரணம் விசாரிக்கிறது. இவ்வேறுபாடே அத்தகைய பெற்றோர் ஒருவரையொருவர் நாடிச் சென்ற வரலாற்றின் தொடக்கப் புள்ளி எனலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றிய பெற்றோர் சங்கங்கள் பெரும்பாலும் ஆறுதல் தேடிய கூட்டங்களாகவே எண்ணப்படுகின்றன. அவை பழியை மறுத்து அறிவை உருவாக்கிய அமைப்புகளும் ஆகும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது. ‘பிள்ளை’ என்னும் சொல் இங்கு வயதையன்றி உறவையே குறிக்கிறது. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இளமையின் தொடக்கத்திலோ வெளிப்படுவதால், முப்பது வயது மகனும் இவ்வரலாற்றில் பிள்ளையே ஆவான்.

பழியின் அறிவியல் வடிவம்

தாயைப் பழித்தல் நாட்டார் வழக்கில் மட்டும் இருந்ததன்று. மேலை மருத்துவமும் அதற்கு அறிவியல் உருவம் கொடுத்தது. உளப்பகுப்பாய்வாளர் ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் 1948ஆம் ஆண்டு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டார். அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசம் என்னும் நிலையை விவரித்தார். அது பிறவியிலேயே அமைவது என அவர் கருதியபோதிலும், பெற்றோரின் உணர்ச்சி வறட்சியையும் சுட்டிச் சென்றார். பின்வந்தோர் முன்னதை விடுத்துப் பின்னதைப் பற்றிக்கொண்டனர். புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அப்பழியைப் பொதுமக்களிடையே பரப்பியது. இன்று ஆட்டிசம் நரம்புசார் வளர்ச்சி வேறுபாடாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் அது குழந்தைப்பருவ உளநோய்களுள் ஒன்றாகவே வைத்து எண்ணப்பட்டது.

இக்கோட்பாடுகளின் விளைவு எளிதில் உணரத்தக்கது. மருத்துவரிடம் உதவி நாடிச் சென்ற தாய், அங்குக் குற்றம் சாட்டப்பட்டவளாக நின்றாள். பிள்ளையின் நிலையை வாய்விட்டுச் சொல்வதே தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதாயிற்று. எனவே மௌனம் அவளுக்குக் காப்பாகவும் சிறையாகவும் அமைந்தது.

பெற்றோரின் மறுமொழி

இம்மௌனத்தை உடைத்தவர்கள் பெற்றோரே. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் 1962இல் இங்கிலாந்தில் ஒரு சங்கத்தை நிறுவினர். உளமருத்துவரும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயுமான லோர்னா விங் அவர்களுள் ஒருவர். அமெரிக்காவில் பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை என்ற நிலையில், 1964இல் வெளியிட்ட நூலில் ஆட்டிசத்தின் காரணம் உடலியல் சார்ந்தது என வாதிட்டார். அந்நூலுக்குக் கானரே அணிந்துரை வழங்கினார். மறு ஆண்டு ரிம்லண்டு பிற பெற்றோருடன் இணைந்து தேசிய அளவிலான சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் உரையாற்றிய கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். ஒரு மருத்துவர் பெற்றோர் அவையில் நின்று இவ்வாறு கூற நேர்ந்தமை, பெற்றோர் ஒன்றுகூடியதன் ஆற்றலைக் காட்டுகிறது.

மனச்சிதைவு நோயைப் பொறுத்தவரையிலும் இத்தகைய போக்கையே காணமுடிகிறது. 1970இல் ஜான் பிரிங்கிள் என்பவர் தம் மகனின் நோயால் குடும்பம் பட்ட பாட்டை இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் எழுதினார். அதைப் படித்துத் தம் நிலையும் அதுவே என உணர்ந்தோர் எழுதிய மடல்களிலிருந்து 1972இல் ஓர் அமைப்பு உருவாயிற்று. அமெரிக்காவின் மேடிசன் நகரில், மனச்சிதைவுற்ற மகன்களின் தாய்மாரான ஹேரியட் ஷெட்லர், பெவர்லி யங் ஆகிய இருவர் 1977இல் ஓர் உணவு வேளையில் சந்தித்து உரையாடினர். அவ்வுரையாடலின் தொடர்ச்சியாக, 1979 செப்டம்பரில் பல மாநிலக் குழுக்கள் அந்நகரில் கூடித் தேசியக் கூட்டமைப்பை அமைத்தன.

பட்டறிவும் பாடமும்

இச்சங்கங்களில் பரிமாறப்பட்டது எத்தகைய அறிவு என்பது நோக்கத்தக்கது. மருந்தின் பெயரையும் அளவையும் மருத்துவர் கூறுவார். மருந்தை மறுக்கும் மகனிடம் எவ்வாறு பேசுவது, இல்லாத குரல்களைக் கேட்பதாகக் கூறும் மகளுக்கு என்ன மறுமொழி சொல்வது, உறங்காத இரவுகளை எவ்வாறு கடப்பது, உடன்பிறந்த குழந்தைக்கு இதனை எவ்வாறு விளக்குவது ஆகியவற்றை அவ்வழியே நடந்தவரே கற்பிக்க இயலும். உளவியலாளரும் தாயுமான ஜாய்ஸ் பர்லண்டு 1991இல் இப்பட்டறிவை 12 வாரப் பாடத்திட்டமாக வகுத்தார். அதனைக் கற்பிப்போரும் கற்போரும் நோயாளிகளின் குடும்பத்தினரே. குலுக்கல் முறையில் பங்கேற்பாளரைப் பிரித்து நடத்தப்பெற்று 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, இப்பயிற்சி குடும்பத்தினரின் சமாளிக்கும் திறனையும் தன்னம்பிக்கையையும் உயர்த்துவதை உறுதிசெய்தது. வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் விளைந்த அறிவு, இவ்வாறு ஆய்வுலகின் ஏற்பைப் பெற்றது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் பழி வேறு உருவங்களில் வந்தது. ஊழ், முன்வினை, குலப்பெருமை, உடன்பிறந்தாளின் திருமணம் ஆகியன பெற்றோரின் வாயை அடைத்தன. இங்குக் குடும்பங்களை முதலில் ஒருங்கே கூட்டியது ஒரு மருத்துவமனை. பிரிவினைக்குப் பின் இலாகூர் மனநல மருத்துவமனையிலிருந்து இந்து, சீக்கிய நோயாளிகள் 1950இல் அமிர்தசரசுக்கு மாற்றப்பட்டனர். அங்குக் கண்காணிப்பாளராக இருந்த வித்யா சாகர், 1950களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களை அமைத்து, நோயாளிகளின் உறவினரை அவர்களுடனேயே தங்கச் செய்தார். இடமும் பணியாளரும் போதாத நிலையில் தோன்றிய இவ்வேற்பாடு புதியதொரு பயனைத் தந்தது. அடுத்த கூடாரத்தில் தேறிவரும் நோயாளியைக் கண்ட பெற்றோர், தம் பிள்ளையும் தேறுவான் என்னும் நம்பிக்கையைப் பெற்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையை மேற்கொண்டது.

பெற்றோர் தாமே அமைத்த சங்கங்கள் பின்னரே தோன்றின. சென்னையில் 1989இல் ‘ஆஷா’, பெங்களூரில் 1992இல் ‘அமெண்டு’ ஆகியன உளநோயாளிகளின் குடும்பத்தாரால் தொடங்கப்பட்டன. தில்லியில் 1991இல் ஆட்டிசத்துக்கான அமைப்பைத் தோற்றுவித்த மெர்ரி பருவாவும் ஒரு தாயே. இவற்றில் மீண்டும் மீண்டும் எழும் வினா, ‘எங்களுக்குப் பின் யார்?’ என்பதாகும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குக் காப்பாளரை அமர்த்த வழிசெய்தது. மனச்சிதைவு போன்ற நோய்கள் அதனுள் அடங்கவில்லை.

அவ்வினாவுக்கு விடை இல்லாதபோது நேர்வது யாது என்பதை ஏர்வாடி உணர்த்தியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அங்கிருந்த தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் குடும்பத்தாரால் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். குடும்பங்களின் கல்மனம் எனச் சிலர் இதனைக் கண்டிக்கலாம். எனினும், நோய் இன்னதென்று விளக்கவும் இன்னவாறு சமாளிக்கலாம் எனக் காட்டவும் ஒருவரும் அருகில்லாத குடும்பங்கள் வேறு வழியறியாது நின்றதையும் கருதாமல் இத்துயரை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது.

வரம்பும் வளர்ச்சியும்

பெற்றோரின் குரல் பிள்ளையின் குரலாகிவிடாது என்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் பாடமே. ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர், 1993இல் தொராண்டோ மாநாட்டில் பெற்றோரை நோக்கிப் பேசியபோது, தம்மைப் போன்றோரைக் குறித்துத் துக்கம் கொண்டாட வேண்டா என வேண்டினார். அதுவரை பேசப்பட்டவர்கள் அன்று பேசுவோராயினர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்விரு குரல்களுக்கும் இடமளிக்கிறது. நோயாளி தம் சிகிச்சை குறித்து முன்கூட்டியே விருப்பம் தெரிவிக்கும் உரிமையை அது வழங்குகிறது. மீளாய்வு வாரியங்களில் உளநோயுற்றோரோ பராமரிப்பாளரோ அவர்தம் அமைப்புகளின் சார்பாளரோ உறுப்பினராகவும் வழிவகுக்கிறது.

முடிவுரை

1948இல் நோயின் காரணமாகச் சுட்டப்பட்ட தாய், 2017இன் சட்டப்படி நோயாளியின் உரிமையை ஆராயும் அவையில் அமரும் தகுதி பெற்றவளாகிறாள். இம்மாற்றத்துக்கு மருத்துவத்தின் வளர்ச்சி மட்டும் காரணமன்று. ஒத்த துயருடையோர் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியதும் காரணமாகும். எனினும் சட்டத்தின் ஏற்பு ஒவ்வோர் ஊரிலும் தோழமையாக மாறினாலன்றி இம்மாற்றம் முழுமை பெறாது. காரணம் விசாரிக்கும் ஊரில், நலம் விசாரிக்கும் ஒரு வீடேனும் இருத்தல் வேண்டும். பெற்றோர் சங்கங்களின் வரலாறு அத்தகைய வீட்டைத் தேடிய வரலாறாகும்.