வரட்டியும் ஒரு வெள்ளைக்கார ரசாயனியும்

இந்தியக் குடியானவனுக்கு உழத் தெரியாது, எருப் போடத் தெரியாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துரைமார்கள் பலருடைய தீர்ப்பு. சென்னை ராஜதானியில் இதற்கு வைத்தியமாக நீராவிக் கலப்பையையே தருவித்தார்கள். 1865-இல் சைதாப்பேட்டையில் பண்ணையும் வைத்தார்கள். நீராவிக் கலப்பை நம் வயலில் நிலைக்கவில்லை.

1889 டிசம்பரில் டாக்டர் வோல்க்கர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்து ராயல் விவசாய சங்கத்தின் ஆலோசனை ரசாயனி. ஓராண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றினார். குற்றப் பத்திரிகை எழுதப் போகிறார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 1893-இல் வெளிவந்த அறிக்கையிலோ, சராசரி ஆங்கிலேய விவசாயிக்கு இவன் இளைத்தவன் அல்ல என்று எழுதிவிட்டார்! இரும்புக் கலப்பை மண்ணைப் புரட்டிப் போட்டால் உள் ஈரம் வெயிலில் பறந்துவிடும். மேலாகக் கீறும் நாட்டுக் கலப்பையில் நியாயம் உண்டு என்று கண்டார். சாணத்தை ஏன் வரட்டி தட்டி எரிக்கிறான்? விறகு இல்லாததால். எரு மிஞ்ச வேண்டுமானால் சர்க்கார் விறகுக் காடு வளர்க்கட்டும் என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை பிறந்தது இந்த இடத்தில்தான். சம்பளம் கொடுத்து அனுப்பிய சர்க்காரிடமே இதைச் சொல்ல எத்தனை பேர் துணிவார்கள்?

எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறுவதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. மூட்டை மூட்டையாகப் போனது மண்ணின் சத்தல்லவா!

கோயமுத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை இன்றும் நடக்கிறது. ஒரு பாத்திக்குத் தொழு எரு, ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை. நம் வெயிலில் மட்கு சீக்கிரம் கரையும். அடிக்கடி உழுதால் இன்னும் வேகமாகக் கரையும். தொழு எரு கண்ட பாத்தியில்தான் அது கூடுதலாகத் தங்கியிருக்கிறது. இப்போது காஸ் அடுப்பு வந்து பல வீடுகளில் வரட்டி ஓய்ந்துவிட்டது. ஆனால் டிராக்டர் வந்த ஊரில் உழவு மாடு ஏது, அதன் சாணம்தான் ஏது?