துருத்தியூரின் வாயு

மயிலாடுதுறைக்கு அருகே காவிரிக் கரையில் அமைந்த குத்தாலத்தை, தென்காசிப் பக்கத்து அருவிக் குற்றாலமாக மயங்குவோர் இன்றும் உளர். தேவாரம் பாடியோர் காலத்தில் இவ்வூர் திருத்துருத்தி எனப்பட்டது. துருத்தி என்பது ஆற்றிடைக்குறை; உலையில் காற்றை ஊதும் கருவிக்கும் அதுவே பெயர். பழைய பஞ்சாங்கங்கள் சொல்லாத பொருத்தமொன்று இதில் உண்டு. இவ்வூர் வயல்களுக்கு நெடுந்தொலைவு கீழே உறங்கும் இயற்கை வாயுவில் ஹீலியம் கலந்திருக்கிறது.

ஹீலியம் முதலில் வானில்தான் தடயம் காட்டிற்று. 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சென் ஒளிப்பிரிகை நோக்கினார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் நோக்கினார். சூரிய நிறமாலையின் அந்த மஞ்சள் கோட்டுக்குரிய தனிமத்தை 1895-இல் ராம்சே மண்ணுலகக் கனிமமொன்றில் கண்டார். ஆர்கான் அதற்கு முந்திய ஆண்டே வெளிப்பட்டிருந்தது.

எதனோடும் சேராத இம்மந்த வாயுக்களை உறையவைப்பதில் அறிவியலாருக்கு ஏன் அத்துணை ஆவல்? அணுவுக்கு அணு பிடிப்பு மிக மெலிது. வேதிப் பிணைப்பு என்னும் சிக்கல் இல்லை. ஆகவே திண்பொருள் பற்றிய கொள்கையைச் சோதிக்க இவற்றினும் எளிய பொருள் கிடையாது. சுமார் 84 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 189 பாகையில், ஆர்கான் உறைகிறது. 1924-இல் சைமனும் கிளாரா ஃபான் சிம்சனும் எக்ஸ் கதிரால் அதன் படிக அமைப்பை ஆராய்ந்தனர். நியான், கிரிப்டான், செனானும் அதே முகமையக் கனசதுர அமைப்பினவே. அளந்த வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறதென்று பார்ப்பது மற்றொரு முறை. மிகு குளிரில் வெப்பக்கொள்ளளவு வெப்பநிலையின் முப்படிக்கு இணங்கக் குறையும் என்பது 1912-இல் டெபை கண்ட விதி. அவ்விதிக்கு உரைகல்லாயின இத்திண்மங்கள்.

ஹீலியம் மட்டும் பிடிவாதம் பிடித்தது. லைடன் நகரில் காமர்லிங் ஆனஸ் 1908-இல் அதைத் திரவமாக்கினார். பின்னர் எத்துணை குளிர்வித்தும் அது உறையவில்லை. 1926 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள், அவருக்குப்பின் அங்கே பொறுப்பேற்றோருள் ஒருவரான கீசம், குளிரோடு அழுத்தத்தையும் சேர்த்தார். மெல்லிய குழாய் அடைபட்டது. கலக்கி அசையாது நின்றது. கண்ணுக்கோ எதுவும் தெரியவில்லை. திரவமும் திண்மமும் ஒளியை ஒன்றுபோலவே வளைத்ததால் எல்லைக்கோடு புலப்படவில்லை. அழுத்தம் சுமார் 25 வளிமண்டலம் இல்லையேல் ஹீலியம் தனிச்சுழி வெப்பநிலையிலும் திரவமாகவே நிற்கும். கடுங்குளிரிலும் ஓயாத அணுவின் துவக்க நடுக்கமே காரணம் என்கிறது குவாண்டம் இயற்பியல்.

அக்குளிர் நம் நாட்டில் 1952-இல் வாய்த்தது. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஹீலியம் திரவமாக்கும் பொறி அமைந்தபோது இயக்குநராயிருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். தமிழில் அறிவியற் கட்டுரைகள் எழுதிய அவரை இவ்வட்டத்துக் கவிஞர்கள் உரைநடைக்காகவும் தேடிப் படித்தல் தகும்.

பொறி வந்தாலும் வாயு வரவேண்டுமே! காற்றில் ஹீலியம் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கே. குத்தாலத்து வாயுவில் அது 0.06 விழுக்காடு, காற்றைப் போல் நூறு மடங்குக்கு மேல். பாறைகளிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள்களே அவ்வாறு தேங்கியவை. கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் சாகா நிறுவனமும் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் குத்தாலத்தில் முன்னோடி ஆலையொன்றை நிறுவின. அழுத்தத்தில் மீத்தேனும் நைட்ரஜனும் உறிஞ்சு பொருளில் ஒட்டிக்கொள்ள, ஒட்டாத ஹீலியம் தப்பி வரும். நான்கு படிகளில் அது 99 விழுக்காட்டுக்கு மேல் தூய்மை பெற்றது. லைடனில் உறைய மறுத்த அதே ஒட்டாமை இங்கே உதவியாயிற்று.

எனினும் இவ்வாயு நெல் விளையும் மண்ணுக்குள் இருக்கிறது. 2017-இல் அடுத்துள்ள கதிராமங்கலத்தில் உழவர்கள் எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்துப் போராடினர். 2020-இல் தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமியற்றி, புதிய எரிவாயுத் தேடலைத் தடுத்தது. முன்பே இயங்கிய கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை.