கலயத்துக்குள் ஒரு நேச்சுரல் ஒயின்

இன்னைக்கு எபிசோடு ஒயினைப் பத்தி. ஆனா பேசப்போற ஊரு பிரான்ஸ்ல இல்ல, சிவகங்கை மாவட்டத்துக் கல்லல்.

முதல்ல, நேச்சுரல் ஒயின்னா என்ன? கடையில வாங்குற ஈஸ்ட் சேர்க்காம, திராட்சைத் தோல்லயும் காத்துலயும் இருக்குற ஈஸ்ட்டே சாறைப் புளிக்க வைக்கும். சல்பைட் சேர்க்குறதும் ரொம்பக் கம்மி, இல்லன்னா சேர்க்கவே மாட்டாங்க. 1980-களில் பிரான்சின் போஜொலே பகுதியில் மார்செல் லாபியர் மாதிரியான சின்ன உற்பத்தியாளர்கள் இதை ஒரு இயக்கமாவே வளர்த்தாங்க. இதுல எனக்குப் பிடிச்சது, ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னாலயும் ஒரு மண்ணும் ஒரு ஆளும் இருக்குறதுதான்.

இப்போ கல்லலுக்கு வருவோம். காரைக்குடி–மானாமதுரை ரயில் பாதையில இருக்குற ஊர். இந்தச் சீமை முழுக்கப் பனை. பனையேறி பாளையைச் சீவி, கலயம் கட்டுவார். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா, இறங்குறது இனிப்பான பதநீர். தடவலைன்னா, காட்டு ஈஸ்ட் சில மணி நேரத்துல அதைக் கள்ளாக்கிடும். ஒரு நாள் தாண்டினா புளிச்சு, காடியாகப் போயிடும். அதனால கள்ளைத் தூரமா அனுப்பவோ சேத்து வைக்கவோ முடியாது. பெரிய ஆலைக்குச் சரிப்படாத பானம் இது.

நம்ம ஆட்களுக்கு ரெண்டு மதுவுமே தெரியும். ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்துல மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள் கிடைச்சிருக்கு. புறநானூறு 56-ல் யவனர் கொண்டுவந்த மதுவைக் குடித்து மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துறார். அதே நூல்ல 235-ஆம் பாட்டு, அதியமான் இறந்தப்போ ஔவையார் பாடினது. அவன் கள்ளை எப்படிப் பகிர்ந்துக்கிட்டான்னு சொல்லித்தான் அது தொடங்குது. ஒண்ணு கப்பல்ல வந்த சரக்கு, இன்னொண்ணு கூட இருந்தவங்களோட பங்கு போட்டது.

அப்புறம் அரசு உள்ளே வந்தது. 1886 மெட்ராஸ் அப்காரி சட்டத்துக்குக் கீழே கள் இறக்க உரிமம் வேணும், மரத்துக்கு வரியும் கட்டணும். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதுக்கப்புறம் தடை வந்தது, போனது, திரும்ப வந்தது. 1983-ல் டாஸ்மாக் உருவானது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003-ல் ஆலை மதுவின் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கிட்டது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை இன்னைக்கும் உண்டு.

தடைக்குச் சொல்ற காரணம் கலப்படம். அது வெறும் சாக்கு இல்ல. கள்ளில் போதைப்பொருள் கலந்து வித்த வழக்குகள் கேரளத்திலேயே இருக்கு. குடியால உடைஞ்ச வீடுகளும் நமக்குத் தெரியும். ஆனா கலப்படம்தான் பிரச்சினைன்னா, யார் இறக்கினது, எந்த மரம், எந்தக் காலைன்னு கேட்டு உரிமம் கொடுக்கலாமே? போஜொலே பாட்டிலில் உற்பத்தியாளர் பேர் இருக்கு. நம்ம பனையேறி பேர் போலீஸ் வழக்குலதான் வருது.

பனை நம்ம மாநில மரம். பாளை சீவுறது கையால கையுக்கு வர்ற வேலை. ஒரு தலைமுறை ஏறுறதை நிறுத்திட்டா, பின்னாடி தடையை எடுத்தாலும் மரம் மட்டும்தான் நிக்கும். அடுத்த முறை நேச்சுரல் ஒயின் மெனுவைப் பார்த்தா, அதையும் யோசிங்க.