கோபப்பட்டால் தண்ணீர்!

பகடை என்றால் சூதாட்டம், அது வீட்டுக்குள் வரக்கூடாது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் பக்தியுள்ள குடும்பங்கள் பலவற்றில் இதுதான் சட்டம். அப்படிப்பட்ட வீடுகளுக்கும் ஏற்ற ஒரு விளையாட்டை 1843-ல் சேலம் நகரத்து ஐவ்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பெயர் 'மேன்ஷன் ஆஃப் ஹாப்பினஸ்', அதாவது மகிழ்ச்சி மாளிகை. இங்கிலாந்திலிருந்து வந்த விளையாட்டுதான். பகடைக்குப் பதில் எண் எழுதிய குட்டிப் பம்பரம் (சூது போய்விட்டதாம்!).

நம் பரமபதம் போலவே இதிலும் கட்டங்களுக்குக் குணங்களின் பெயர். நேர்மை, நன்றி, தாராளம் என்ற கட்டங்களில் நின்றால் முன்னேறலாம். கொடூரம், நன்றிகெட்டதனம் என்றால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கோபத்தில் நின்றவரைத் தண்ணீர்க் கட்டத்துக்கு அனுப்பி முக்கி எடுப்பார்கள், சூடு தணிவதற்காக!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குணத்தைத் தருவது பம்பரம்தானே? குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. உண்மையான பயிற்சி பலகைக்கு வெளியே நடந்திருக்கும்: தன் முறை வரும்வரை காத்திருப்பது, தம்பி ஜெயிக்கும்போது பலகையைக் கவிழ்க்காமல் இருப்பது.

1860-ல் மில்டன் பிராட்லி கொண்டுவந்த 'செக்கர்டு கேம் ஆஃப் லைஃப்' இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தது. பம்பரம் சுற்றிய பிறகு எந்தப் பக்கம் நகர்வது என்று ஆடுபவரே யோசிக்கலாம். சோம்பல் அவமானத்தில் கொண்டுவிடும், விடாமுயற்சி வெற்றிக்கு ஏற்றிவிடும். எட்ட வேண்டிய இடம், மகிழ்ச்சியான முதுமை.

நூறாவது ஆண்டில், 1960-ல், அதே நிறுவனம் அதைப் புதுப்பித்து 'கேம் ஆஃப் லைஃப்' என்று விற்றது. அதில் கடைசியில் எண்ணிப் பார்ப்பது பணத்தை. அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தார்.