படுத்திருக்கும் சிலிண்டர்

1910ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். ஃபோர்டு மாடல் டி கார் வைத்திருந்த ஒருவர், அரசுச் சுரங்கத் துறையில் வேதியியலாளராக இருந்த வால்டர் ஸ்னெல்லிங்கிடம் முறையிட வந்தார். காசு கொடுத்து வாங்கும் பெட்ரோல் வீடு போய்ச் சேர்வதற்குள் பாதியாகிவிடுகிறதாம். ஸ்னெல்லிங் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றித் தக்கையால் அடைத்தார். தக்கை நிற்கவில்லை, செருகச் செருகத் தெறித்தது. தப்பிப் போகும் ஆவியைக் குளிர்வித்துப் பிரித்தபோது அதில் புரொப்பேன் வாயு கிடைத்தது. இதற்கு அவர் 1913இல் பெற்ற காப்புரிமையை எண்ணெய்த் தொழிலதிபர் ஃபிராங்க் பிலிப்ஸ் 50,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார்.

பின்னாளில் இந்தப் புரொப்பேனில் ஓடப்போகும், சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பிறப்பு வேறு இடத்தில். மிச்சிகனின் புக்கானன் ஊரில் கிளார்க் நிறுவனம் 1917இல் தன் தொழிற்சாலைக்குள் சரக்கு இழுக்க ஒரு வண்டி செய்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். பிறகு சுமையை ஏந்தும் முள்கரங்கள் முளைத்தன, அதை உயரே தூக்கும் தூணும் வந்தது. இரண்டாம் உலகப் போரில் மரப்பலகைத் தட்டுகளோடு அது கிடங்குதோறும் பரவியது. கூரைக்கடியில் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் புகை பெருந்தொல்லை. போருக்குப் பின் புரொப்பேன் பெட்ரோலின் இடத்தைப் பிடித்தது.

வீட்டுச் சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும். மேலே தேங்கும் வாயுவை அடுப்பு எடுத்துக்கொள்ளும். ஃபோர்க்லிஃப்டின் முதுகில் இருப்பதோ படுத்திருக்கும். காரணம், எஞ்சினின் பசி. அந்த வேகத்தில் வாயுவை உறிஞ்சினால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். கல்யாணச் சமையலில் பெரிய அடுப்பு எரியும்போது சிலிண்டர் வியர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் திரவமாகவே எடுக்கிறார்கள். எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீர் ஆவியாக்கியில் அதைச் சூடாக்கி வாயுவாக்குகிறது. திரவம் 1 லிட்டர், வாயுவாக ஏறக்குறைய 270 லிட்டர்.

சிலிண்டரின் கழுத்து வளையத்தில் ஒரு துளை. வண்டியில் அதற்கேற்ற முளை. இரண்டும் பொருந்தினால்தான் உள்ளிருக்கும் குழாய் திரவத்தில் மூழ்கும், பாதுகாப்பு வால்வும் வாயுப் பக்கம் இருக்கும். மிகச் சின்ன ஏற்பாடு. ஆனால் ஓட்டுநரின் உயிர் அதில் இருக்கிறது.

புரொப்பேன் எஞ்சினின் புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்றாகாது. சரியாகப் பராமரிக்காத எஞ்சின் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். காற்றோட்டமில்லாத குளிர்பதனக் கிடங்கில் அது ஆளைச் சாய்க்கும்.

சிலிண்டர் மாற்றும்போது ஓட்டுநர் முதலில் வால்வை மூடுகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்து முடித்துத் தானே அணைகிறது. அதன் பிறகே கையுறை மாட்டிய கையால் இணைப்பைக் கழற்றுகிறார். வெளியே சிந்தும் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். வெறும் தோலில் பட்டால் தீப்புண் போலப் புண்ணாகும்.